எண்ணிக்கையும் இருப்பும்: சாதனச் செலுத்திகளில் ஆயுள் நிர்ணயம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

விமர்சனம் என்றதும் கவிதை, நாவல், நாடகம் ஆகியனவே நம் நினைவுக்கு வருகின்றன. கணினிச் செய்நிரல் ஒன்றை விமர்சனத்துக்குரிய பனுவலாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. ஆயினும் செய்நிரலும் எழுதப்படுவதே. ஒருவர் எழுதியதைப் பலர் வாசித்துத் திருத்தி, அதனைப் பார்த்து வேறொன்று எழுதும் மரபு அதற்கும் உண்டு. எழுதியவர் எதனை ஐயமின்றி எடுத்துக்கொண்டார், எதனைக் காணத் தவறினார் என்பன அதன் அமைப்பிலேயே பதிந்துள்ளன. அவ்வாறாயின், இலக்கியப் பனுவலை நோக்கி எழுப்பும் வினாக்களுட் சிலவற்றைச் செய்நிரலை நோக்கியும் எழுப்புதல் தகும்.

இக்கட்டுரை பணிசெயல் முறைமைகளின் ஒரு சிறு பகுதியான சாதனச் செலுத்திகளை அவ்வகையில் நோக்க முற்படுகின்றது. ஒரு பொருளின் ஆயுள் எப்போது முடிகின்றது, அம்முடிவை யார் தீர்மானிக்கின்றனர் என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் வினா. இதற்கு விடையாக நீண்ட காலமாக வழங்கிவருவது 'றெபரன்ஸ் கவுண்டிங்' என்னும் முறை. அதனைச் சுட்டுகை எண்ணிக்கை எனத் தமிழிற் குறிப்பிடுவோம். இம்முறை பயனுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது விடையளிக்கும் வினா ஒன்று. செலுத்தி எழுதுவோர் அதனிடம் எதிர்பார்க்கும் விடை மற்றொன்று. இவ்வேறுபாடு தெளிவாக உணரப்படாமையே பல ஆண்டுகளாகத் தொடரும் ஒருவகைத் தவறுகளுக்கு மூலகாரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

1

பணிசெயல் முறைமையின் மையப்பகுதி கேர்ணல் எனப்படும். கணினியோடு இணைக்கப்படும் சாதனத்தின் இயல்பை அறிந்து, அதற்கும் கேர்ணலுக்கும் இடையே நின்று தொழிற்படும் செய்நிரற் பகுதியே சாதனச் செலுத்தி. சாதனம் கண்டறியப்பட்டதும் செலுத்தி நினைவகத்தில் ஓரிடத்தை ஒதுக்கி, அச்சாதனம் பற்றிய பதிவொன்றை அமைக்கின்றது. சாதனத்தின் நிலை, அதனோடு பரிமாறும் தரவுக்கான இடம், பூட்டுக்கள் ஆகிய யாவும் அப்பதிவில் அடங்கும். பின்னர் பலர் அப்பதிவைச் சுட்டத் தொடங்குகின்றனர். பயனர் செய்நிரலொன்று சாதனத்தைக் கோப்பாகத் திறந்து வைத்திருக்கும். சாதனத்திலிருந்து வரும் இடையீடுகளைக் கவனிக்கும் பகுதி ஒன்று காத்திருக்கும். குறித்த நேரத்தில் இயங்கவேண்டிய வேலையொன்று வரிசையில் நிற்கும். இவை ஒவ்வொன்றும் அதே நினைவகவிடத்தின் முகவரியைத் தம் வசம் வைத்துள்ளன.

இந்நிலையிற் பதிவை எப்போது விடுவிப்பது? காலந்தாழ்த்தி விடுவித்தால், அல்லது விடுவிக்காமலே விட்டால், நினைவகம் சிறிது சிறிதாகக் கசிந்து வீணாகும். முந்தி விடுவித்தாலோ, அவ்விடம் வேறொரு தேவைக்கு ஒதுக்கப்பட்டபின்னும் பழைய முகவரியை வைத்திருப்பவர் அதனைப் பழைய பதிவென்றே நம்பி வாசிப்பார், எழுதுவார். விடுவித்தபின் பயன்படுத்தல் எனப்படும் இத்தவறு முன்னையதிலும் பன்மடங்கு கொடியது. பெருவழக்கிலுள்ள பணிசெயல் முறைமைகளிற் செலுத்திகளுட் பெரும்பாலானவை கேர்ணலின் முழு அதிகாரத்தோடு இயங்குகின்றன. எனவே ஒரு செலுத்தியில் நேரும் இத்தவறு முழு இயந்திரத்தையும் நிலைகுலையச் செய்யலாம். தீய நோக்குடையவர் அவ்விடத்தில் தாம் விரும்பியதை வைத்து இயந்திரத்தின் ஆட்சியையே கைப்பற்றவும் கூடும்.

சுட்டுகை எண்ணிக்கை இச்சிக்கலுக்கு எளியதொரு வழியைக் கூறுகின்றது. பதிவோடு ஓர் எண்ணியையும் சேர்த்து வைக்கவேண்டும். புதிதாக ஒருவர் பதிவைப் பற்றும்போது அது ஒன்றாற் கூடும். பற்றை விடும்போது ஒன்றாற் குறையும். பூச்சியத்தை அடையும் கணத்தில், இறுதியாக விட்டவரே பதிவை அழிப்பார். யார் முந்துவார், யார் பிந்துவார் என்பதை எழுதுபவர் முன்கூட்டி அறியவேண்டியதில்லை.

2

இம்முறை செலுத்திகளுக்கென உருவானதன்று. ஜோன் மக்கார்தி 1960 ஏப்பிரலில் வெளியிட்ட கட்டுரையில், பயனற்ற நினைவகத்தை முறைமையே தேடிப் பொறுக்கியெடுக்கும் வழியொன்றை விளக்கினார். அதே ஆண்டு டிசெம்பரில் ஜோர்ஜ் கொலின்ஸ், பட்டியல்களுக்கான நினைவகத்தை எண்ணிக்கையாற் பேணும் முறையை முன்வைத்தார். 1963இல் ஹரோல்ட் மக்பெத் அதன் குறையொன்றைச் சுட்டிக்காட்டினார். இரு பொருள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வட்டமாக நின்றால், வெளியிலிருந்து ஒருவரும் அவற்றைச் சுட்டாத போதிலும், எண்ணிக்கை பூச்சியத்தை அடைவதில்லை. முறை தோன்றி மூன்றாண்டுகளிலேயே அதன் எல்லை பற்றிய விவாதமும் தோன்றிவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பணிசெயல் முறைமைகளில் இம்முறை பெற்ற செல்வாக்குக்கு யூனிக்ஸ் சிறந்த உதாரணம். டெனிஸ் றிச்சி, கென் தொம்சன் ஆகியோர் 1974இல் விளக்கிய அம்முறைமையில் ஒரு கோப்புக்குப் பல பெயர்கள் இருக்கலாம். எத்தனை பெயர்கள் என்பதைக் கோப்பின் குறிப்பேடே எண்ணிவைக்கின்றது. ஒரு செய்நிரல் கோப்பைத் திறந்து வைத்திருக்கையில் மற்றொருவர் அதன் கடைசிப் பெயரை நீக்கிவிடலாம். பெயர் மறையும், ஆனால் கோப்பு அழியாது. திறந்தவர் மூடும்வரை அது முழுமையாக வாசிக்கத்தக்கதாகவே இருக்கும். எண்ணிக்கை முறையின் வெற்றியாக இதனைக் கொள்ளலாம்.

இவ்வெற்றியே பின்வந்தோரைத் திசைதிருப்பியது எனலாம். யூனிக்ஸ் மரபிற் சாதனமும் ஒரு கோப்பாகவே தோன்றும். திறத்தல், வாசித்தல், எழுதுதல், மூடல் என்னும் அதே நான்கு செயல்கள் அதற்கும் உரியன. எனவே திறந்திருக்கும் கோப்பு அழியாதிருப்பது போலவே திறந்திருக்கும் சாதனமும் அழியாதிருக்கும் என்னும் எடுகோள் எளிதில் உருவாகின்றது. ஆனால் கோப்பு முறைமையின் ஆட்சிக்குட்பட்ட தரவு. அதனை வைத்திருப்பதும் அழிப்பதும் முறைமையின் கையில். சாதனமோ முறைமைக்கு வெளியேயுள்ள பௌதிகப் பொருள். பயனர் ஒருவர் யூ.எஸ்.பி. இணைப்பிலிருந்து அதனைப் பிடுங்கும்போது எந்த எண்ணியையும் கேட்டு அனுமதி பெறுவதில்லை. எண்ணிக்கை ஐந்தாயினும் ஐம்பதாயினும் சாதனம் போய்விடும். எஞ்சுவது பதிவு மாத்திரமே.

காணி உறுதி ஒன்றைப் பெட்டியிற் பூட்டிப் பத்திரமாக வைத்திருப்பவரின் காணியைக் கடல் அரித்துக்கொண்டு போகலாம். உறுதி செல்லரிக்காமல் இருப்பது காணி இருப்பதற்குச் சான்றாகாது. சுட்டுகை எண்ணிக்கை காப்பது உறுதியை, காணியை அன்று.

3

இவ்வேறுபாட்டைச் செவ்வனே உணர்ந்து எழுதப்பட்ட பனுவல் ஒன்றை முதலில் நோக்குவோம். லினக்ஸ் கேர்ணலின் மூலநிரலில் 'யூ.எஸ்.பி. ஸ்கெலிற்றன்' என்னும் கோப்பு உள்ளது. பெயருக்கேற்ப அது ஓர் எலும்புக்கூடு. எந்தவொரு குறித்த சாதனத்தையும் இயக்குவது அதன் முதன்மை நோக்கமன்று. புதிதாகச் செலுத்தி எழுதுவோர் பார்த்து எழுதுவதற்கான மாதிரி அது. கிரெக் குறோ-ஹார்ட்மன் 2001ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கிய இப்பனுவல் பின்னர் பலரின் திருத்தங்களைப் பெற்றது. 2004இல் லினக்ஸ் கேர்ணலிற் சேர்ந்த 'கேரெவ்' என்னும் சிறிய எண்ணிக்கைக் கருவியை இது பயன்படுத்துகின்றது. அக்கருவியை அறிமுகப்படுத்தியவரும் அவரே.

இம்மாதிரியில் ஆயுள் பேணப்படும் முறை பின்வருமாறு அமைகின்றது. சாதனம் இணைக்கப்பட்டதும் பதிவு அமைக்கப்பட்டு எண்ணி 1 ஆகின்றது. பயனர் செய்நிரல் திறக்கும்போது அது 2 ஆகின்றது. இப்போது சாதனம் பிடுங்கப்படுகின்றது எனக் கொள்வோம். துண்டிப்பைக் கவனிக்கும் பகுதி மூன்று காரியங்களை ஒழுங்காகச் செய்கின்றது. முதலிற் சாதனத்தின் பெயர்ப்பதிவை நீக்கி, புதிதாக எவரும் திறக்கமுடியாதவாறு செய்கின்றது. அடுத்து, பூட்டொன்றைக் கைக்கொண்டு பதிவினுள் 'துண்டிக்கப்பட்டது' என்னும் குறியை இடுகின்றது. சாதனத்தை நோக்கி அனுப்பப்பட்டு முடிவுறாதிருக்கும் வேண்டுகோள்களையும் நிறுத்துகின்றது. இறுதியிலேயே தன் பற்றை விடுகின்றது; எண்ணி 1 ஆகின்றது. பயனர் செய்நிரல் இன்னமும் கோப்பைத் திறந்தே வைத்திருக்கின்றது. அது வாசிக்க முற்பட்டால், அதே பூட்டின் கீழ் அக்குறி பார்க்கப்பட்டு, அத்தகைய சாதனம் இல்லை என்னும் பிழைவிடை வழங்கப்படுகின்றது. ஈற்றில் அது கோப்பை மூடும்போது எண்ணி பூச்சியமாகிப் பதிவு அழிகின்றது.

இங்கு எண்ணியும் குறியும் இரு வேறு வினாக்களுக்கு விடையளிப்பதை அவதானிக்கலாம். பதிவைத் தொடுவது பாதுகாப்பானதா என்னும் வினாவுக்கு எண்ணி விடை கூறுகின்றது. பதிவு குறிக்கும் சாதனம் இன்னும் உண்டா என்னும் வினாவுக்குக் குறி விடை கூறுகின்றது. எண்ணி இன்றேற் குறியைப் பார்ப்பதே ஆபத்தாகும். குறி இருக்கும் இடமே விடுவிக்கப்பட்டிருக்கலாம். குறி இன்றேல் எண்ணி பயனற்றது. பாதுகாப்பாக நிற்கும் பதிவை நம்பி, இல்லாத சாதனத்தோடு பேச முற்பட நேரும். இவ்விரண்டையும் பிரித்து வைத்தமையே இப்பனுவலின் சிறப்பு.

எனினும் இப்பனுவலிற் குறையொன்றும் உண்டு. கேரெவ் கருவியின் விதிகளுள் மூன்றாவது மிக முக்கியமானது. ஏற்கெனவே பற்று இல்லாத ஒருவர் புதிதாகப் பற்ற முற்படும்போது, அதே கணத்தில் இறுதிப் பற்று விடப்படாதவாறு வேறொரு காப்பு இருக்கவேண்டும் என்பதே அது. பதிவைத் தேடிக் கண்டடைவதற்கும் எண்ணியைக் கூட்டுவதற்கும் இடையிலான நுண்ணிய இடைவெளியிற் பதிவு அழிந்துபோகலாம். அழிந்த பதிவின் எண்ணியைக் கூட்டுவதால் அது உயிர்த்தெழாது. மாதிரிச் செலுத்தியின் திறக்கும் பகுதியை வாசிப்பவர் அத்தகைய காப்பு எதனையும் அங்கே காணார். தேடுதல், கூட்டுதல் ஆகிய இரண்டுமே அங்குள்ளன. ஆயினும் அது தவறன்று. யூ.எஸ்.பி. துணைமுறைமையின் மையப்பகுதி, திறக்கும் செயல் முழுவதையும் ஒரு பூட்டின் கீழ் நிகழ்த்துகின்றது. பெயர்ப்பதிவை நீக்கும் செயலும் அதே பூட்டைப் பெற்றே நிகழவேண்டும். எனவே இரண்டும் ஒன்றோடொன்று மோதா.

அதாவது, இம்மாதிரியின் சரிமை அதற்கு வெளியேயுள்ள மற்றொரு கோப்பில் தங்கியுள்ளது. மாதிரியைப் பார்த்து வேறொரு துணைமுறைமைக்கு, அத்தகைய பூட்டு இல்லாத சூழலுக்கு, ஒருவர் செலுத்தி எழுதினால், வரிகள் அவ்வாறே இருப்பினும் காப்பு இராது. கற்பிப்பதற்கென எழுதப்பட்ட பனுவல் தன் இன்றியமையாத துணையைப் பற்றி மௌனம் சாதிப்பது குறைபாடே.

4

எண்ணிக்கை தன் வரையறுத்த கடமையையேனும் எப்போதும் பிழையின்றி ஆற்றுகின்றதா என்பதும் நோக்கத்தக்கது. கூட்டலும் கழித்தலும் சமப்படவேண்டும் என்பதே அதன் ஒரே ஒழுங்கு. அவ்வொழுங்கைக் காப்பவர் மனிதரே. பிழை நேரும் பாதைகளிலேயே பெரும்பாலும் அது குலைகின்றது. செய்நிரலின் நேர்வழி பலமுறை பரிசோதிக்கப்படும்; அரிதாக நிகழும் பிழைவழியோ எவராலும் நடந்து பார்க்கப்படாமலே கிடக்கும்.

2016 ஜனவரியில் வெளிப்படுத்தப்பட்ட லினக்ஸ் குறைபாடொன்று இதற்குத் தக்க சான்று. அது செலுத்தியிலன்றி, இரகசியச் சாவிகளைக் காக்கும் பகுதியிற் காணப்பட்டது. ஆயினும் பாடம் ஒன்றே. ஒரு செயன்முறை தான் ஏற்கெனவே வைத்திருக்கும் சாவிக்கோவையையே மீண்டும் தனக்கு வேண்டும் எனக் கேட்டால், எண்ணி ஒன்றாற் கூடியது. ஆனால் அப்பாதையிற் குறைக்கப்படவில்லை. மேலோட்டமாகப் பார்ப்பின் இது வெறும் கசிவு. எனினும் அவ்வெண்ணி 32 பிட் அளவினது. 429 கோடி தடவைக்குச் சற்று மேலாக அதே வேண்டுகோளை விடுத்தால் அது சுற்றிவந்து பூச்சியத்தை அடையும். அப்போது பயன்பாட்டிலுள்ள பொருளையே கேர்ணல் விடுவித்துவிடும். குறைபாட்டைக் கண்டறிந்தோர் சாதாரண செயலியொன்றில் அரை மணி நேரமளவில் இதனைச் செய்யலாமெனக் காட்டினர். கசிவும் முந்திய விடுவிப்பும் எதிரெதிரான தவறுகள் என எண்ணியிருந்தோருக்கு ஒன்றே மற்றொன்றாக மாறக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

2017இல் வெளிவந்த 4.11ஆம் பதிப்பில் எண்ணிக்கைக்கென ஒரு தனிவகை லினக்ஸிற் சேர்க்கப்பட்டது. இவ்வெண்ணி உச்சத்தைத் தாண்ட முற்பட்டால் அங்கேயே நிலைத்து நின்றுவிடும். பூச்சியத்திலிருந்து கூட்டினால் எச்சரிக்கை எழுப்பும். நிலைத்து நின்ற பொருள் பின்னர் ஒருபோதும் விடுவிக்கப்படாது. இரு தீமைகளுள் சிறியதான கசிவை அறிந்தே தெரிவு செய்யும் ஏற்பாடு இது. போற்றத்தக்கதே. ஆயினும் இது எண்ணியின் கணிதத்தைத் திருத்திற்றேயன்றி, எண்ணியால் எதனை அறியமுடியும் என்னும் எல்லையை விரித்ததில்லை.

5

அவ்வெல்லை பற்றிய விவாதமே அண்மைக்காலத்தில் கூர்மை பெற்றுள்ளது. அதன் பின்னணி 2007க்குச் செல்கின்றது. அவ்வாண்டு லினக்ஸின் 2.6.21ஆம் பதிப்பில் தேஜுன் ஹியோ என்பவர் ஓர் ஏற்பாட்டை அறிமுகப்படுத்தினார். செலுத்தி பெறும் வளங்கள் யாவும் சாதனத்தின் பெயரிற் பட்டியலிடப்படும். செலுத்தி சாதனத்தைவிட்டு நீங்கும்போது, பெற்ற ஒழுங்கின் எதிரொழுங்கில் அவை தாமாகவே விடுவிக்கப்படும். மேலே கூறிய பிழைவழித் தவறுகளுக்கு இது அருமருந்தாயிற்று. தொடக்கநிலையில் ஐந்தாம் படி தவறினால் முன்னைய நான்கையும் கையால் மீளச்செய்யவேண்டிய தொல்லை ஒழிந்தது. செலுத்தி எழுதுவோர் அதனை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை.

ஆனால் இங்கு வளம் எனப் பட்டியலிடப்பட்டவற்றுள் நினைவகமும் ஒன்று. பதிவுக்கான நினைவகத்தையும் அதே வழியிற் பெறுவது வழக்கமாயிற்று. இதன் விளைவு யாதெனில், பதிவின் ஆயுள் செலுத்திக்கும் சாதனத்துக்கும் இடையிலான பிணைப்பின் ஆயுளோடு கட்டப்பட்டுவிடுகின்றது. சாதனம் பிடுங்கப்பட்டதும் பிணைப்பு அறும். பதிவும் உடனே விடுவிக்கப்படும். பயனர் செய்நிரல் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அதன் அடுத்த வேண்டுகோள் விடுவிக்கப்பட்ட இடத்தையே சென்றடையும். யூ.எஸ்.பி. மாதிரியிற் பிரித்து வைக்கப்பட்ட இரு வினாக்கள் இங்கு மீண்டும் ஒன்றாகக் குழம்பிவிட்டன.

2022இல் டப்ளினில் நடைபெற்ற லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில், ஒளிப்படக்கருவிச் செலுத்திகளில் நெடுங்காலம் உழைத்த லோரான் பின்ஷார் இவ்வழக்கத்தைத் தீங்கானது எனவே தலைப்பிட்டுக் கண்டித்தார். அடுத்த ஆண்டு றிச்மண்ட் நகரில் நடைபெற்ற அதே மாநாட்டில், ஜீ.பி.ஐ.ஓ. துணைமுறைமையைப் பேணும் பார்தோஷ் கொலஷெவ்ஸ்கி அதனை மறுத்துரைத்தார். செலுத்தி தான் பெற்றதைப் பிணைப்பு அறும்போது விடுவிப்பது இயல்பே என்பதும், பயனரோடு தொடர்புகொள்ளும் துணைமுறைமை செலுத்தியின் மறைவை எதிர்பார்த்து அமைக்கப்படாமையே உண்மையான குறை என்பதும் அவர் வாதத்தின் சாரம்.

இவ்விரு நிலைப்பாடுகளையும் ஒப்புநோக்கின், நோயை இனங்கண்டதில் முன்னவர் கூற்றும் மருந்து எங்கே இடப்படவேண்டும் என்பதிற் பின்னவர் கூற்றும் வலுவுடையன எனத் தோன்றுகின்றது. செலுத்திகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுட் பல, சாதனத்தை நன்கறிந்த ஆனால் கேர்ணலின் நுணுக்கங்களை அறியாத பொறியியலாளரால் எழுதப்படுவன. அவர் ஒவ்வொருவரும் ஆயுள் பற்றிய இந்நுண்மையைப் பிழையின்றிக் கையாள்வர் என எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. துணைமுறைமைகளோ எண்ணிக்கையிற் குறைவு, தேர்ந்தவர்களாற் பேணப்படுவன. கொலஷெவ்ஸ்கி தம் வாதத்தைச் செயலிலும் காட்டினார். ஜீ.பி.ஐ.ஓ. துணைமுறைமையிற் செலுத்தி வழங்கும் பதிவும் துணைமுறைமை தானே எண்ணிக்கையிட்டு வைத்திருக்கும் பதிவும் முன்னரே தனித்தனியாக இருந்தன. செலுத்தி நீங்கும்போது பின்னையதிலுள்ள சுட்டி வெறுமையாக்கப்படும். 2024இல் வெளிவந்த 6.9ஆம் பதிப்பில், ஒவ்வொரு வேண்டுகோளும் காப்பொன்றின் கீழ் அச்சுட்டியைப் பார்த்து, வெறுமையாயின் பிழைவிடையுடன் மீளும் வகையில் அது சீரமைக்கப்பட்டது. பார்த்தல் மாத்திரம் போதாது. பார்த்த கணத்திலிருந்து வேலை முடியும்வரை செலுத்தி நீங்காதிருக்கவேண்டும். அதற்காகவே அக்காப்பு. நீங்கும் செயல், உள்ளே நுழைந்துவிட்ட வேண்டுகோள்கள் வெளியேறும்வரை காத்திருக்கும்.

ஆயினும் பின்னவர் வாதத்தில் ஒரு குறை உண்டு. எல்லாத் துணைமுறைமைகளும் இவ்வாறு சீரமைக்கப்படும் காலம்வரை அந்த எளிய ஏற்பாடு ஒரு பொறியாகவே இருக்கும். அதன் பெயரே வாசகனை ஏமாற்றுகின்றது. சாதனத்தால் நிர்வகிக்கப்படுவது என்று அது தன்னைக் கூறிக்கொள்கின்றது. பிணைப்போடு முடிவது என்பதே அச்சொல்லின் துல்லியமான கருத்து. அவசரத்தில் வாசிக்கும் மாணவன் காதில் விழுவதோ, இனி நீ கவலைப்படவேண்டியதில்லை என்பதே. செய்நிரலிற் பெயரிடல் வெறும் அலங்காரமன்று. ஒரு பெயர் தரும் வாக்குறுதியை நம்பியே ஆயிரம் வரிகள் எழுதப்படுகின்றன.

பலகையிற் பற்றவைக்கப்பட்ட சாதனத்தை யார் பிடுங்கப்போகின்றார் என்னும் எதிர்வாதமும் உண்டு. லினக்ஸில் நிர்வாகி ஒருவர் எந்தச் சாதனத்தையும் தொடாமலே அதன் செலுத்தியைப் பிரித்தெடுக்கலாம் என்பதை இவ்வாதம் மறந்துவிடுகின்றது. கோப்பு திறந்திருக்கையிற் செலுத்தியின் செய்நிரலை நினைவகத்திலிருந்து அகற்ற முடியாதே எனச் சிலர் மேலும் கூறுவர். அதுவும் ஓர் எண்ணிக்கையே. அது காப்பது செய்நிரல் வரிகளை. வரிகள் நிலைத்திருக்க, அவை கையாளும் பதிவு அழிந்துபோகலாம். ஆகவே செய்நிரலின் ஆயுள், பதிவின் ஆயுள், சாதனத்தின் ஆயுள் என மூன்று ஆயுள்கள் இங்கு உள்ளன. ஒன்றுக்குரிய காப்பை மற்றொன்றுக்கும் உரியதெனக் கொள்வதே இத்துறைத் தவறுகளுட் பெரும்பாலானவற்றின் அடிப்படை.

6

இது லினக்ஸுக்கு மாத்திரம் உரிய சிக்கலன்று. அப்பிள் நிறுவனத்தின் மக் முறைமையில் வழங்கிய ஐ.ஓ. கிற் என்னும் செலுத்திச் சட்டகம், சாதனத்தின் முடிவையும் பொருளின் அழிவையும் இரு வேறு கட்டங்களாக வகுத்தது. சாதனம் நீங்கியதும் அதற்குரிய பொருள் செயலற்றது எனக் குறிக்கப்படும்; பற்றுக்கள் யாவும் விடப்பட்டபின்னரே அது அழிக்கப்படும். ஃபிறீ பி.எஸ்.டி. முறைமை வேறொரு வழியைக் கொண்டது. சாதனக் கோப்பை நீக்கும் செயல், செலுத்தியினுள் நுழைந்த இழைகள் யாவும் வெளியேறும்வரை காத்திருக்கும். ஒன்று குறியை நம்புகின்றது. மற்றது காத்திருப்பை நம்புகின்றது. எண்ணிக்கையை மாத்திரம் நம்பியவை அல்ல இவ்விரண்டும்.

றஸ்ற் மொழியின் வரவு இவ்விடத்திற் சிறப்பாகக் கருதத்தக்கது. ஒரு பொருளுக்கு உரியவர் யார், அதனைக் கடன்பெற்றவர் எதுவரை வைத்திருக்கலாம் என்பவற்றைத் தொகுக்கும் வேளையிலேயே சோதித்து, விடுவித்தபின் பயன்படுத்தும் தவறை மறுக்கும் மொழி அது. 2022 டிசெம்பரில் வெளிவந்த லினக்ஸ் 6.1ஆம் பதிப்பில் அதற்கு இடமளிக்கப்பட்டது. இனி ஆயுட்சிக்கல் ஒழிந்தது எனப் பலர் எண்ணினர். ஆனால் பயனர் எக்கணத்திற் சாதனத்தைப் பிடுங்குவார் என்பதைத் தொகுப்பி அறியமாட்டாது. எனவே 2025இல் வெளிவந்த 6.14ஆம் பதிப்பில், செலுத்திகளுக்கான றஸ்ற் ஏற்பாடுகளோடு 'மீளப்பெறத்தக்கது' என்னும் பொருளுடைய ஒரு வகையும் சேர்க்கப்பட்டது. அதனுள் வைக்கப்பட்ட வளத்தை அணுகும் ஒவ்வொரு முறையும், அது இன்னும் உண்டா எனக் கேட்டே ஆகவேண்டும். இல்லை என்னும் விடைக்கும் வழிசெய்யவேண்டும். 'ஸ்கெலிற்றன்' மாதிரியிற் கண்ட அதே குறியும் அதே பூட்டும் இங்கு மொழியின் கட்டாயமாக வடிவம் பெற்றுள்ளன. முன்னர் எழுதுபவரின் நினைவாற்றலில் தங்கியிருந்தது இப்போது மறக்கமுடியாத விதியாகியுள்ளது. வினா மாத்திரம் மாறவில்லை.

இதுவரை கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிவு, நம் வகுப்பறைகளோடும் தொடர்புடையது. ஒதுக்கிய ஒவ்வொன்றையும் விடுவிக்கவேண்டும் என மாணவருக்குக் கற்பிக்கின்றோம். இது கணக்குச் சமப்படுத்தும் அறிவுரை. எத்தனை என்பதை அது கூறும். எப்போது என்பதைக் கூறாது. இரு கோப்புக்களுக்கிடையே மறைந்து நிற்கும் பூட்டையும், பெயரினால் வரும் மயக்கத்தையும், அரிதாக நடக்கும் பிழைவழியையும் எழுதப் பழகுவதனால் மாத்திரம் ஒருவர் காணார். பிறர் எழுதியதை ஊன்றி வாசித்தாலன்றி அவை புலப்படா. எழுதக் கற்பிக்கும் அளவுக்கு வாசிக்கக் கற்பிக்காமை இத்துறைக் கல்வியின் பெருங்குறை எனலாம்.

செய்நிரல் விமர்சனத்தின் தேவை இங்குதான் எழுகின்றது. செலுத்தி ஒன்றைக் கையிலெடுக்கும் மாணவன், இப்பதிவை யார் யார் பற்றியுள்ளனர் எனக் கேட்பதோடு நின்றுவிடாது, அது குறிக்கும் பொருள் மறைந்தால் அவர்களுக்கு யார் அறிவிப்பர் எனவும் கேட்டுப் பழகவேண்டும். முதல் வினாவுக்கு எண்ணிக்கை விடை தரும். இரண்டாவதற்குரிய விடையை எழுதுபவரே தேடி அமைத்தாகவேண்டும். அதனை அமைக்காது விட்ட செலுத்தியின் விலையைச் செலுத்துபவர், அச்செலுத்தியின் பெயரைக்கூட அறியாத பயனரே ஆவர்.